லிங்கா, பட்டனா? வெப்சைட் கட்டுற தங்கச்சிக்கு

பட்டினப்பாக்கத்துல மீன் விக்கிறவங்களுக்கு வெப்சைட் பண்ணித் தரப் போறியா? நல்லது. 2024-ல லூப் ரோட்டுல மாநகராட்சி புது மீன் அங்காடியே திறந்தாச்சு, வியாபாரம் போனுக்கும் வரட்டும். கலர், போட்டோ எல்லாம் அப்புறம். அழுத்துற ஒவ்வொண்ணையும் பார்த்து முதல்ல இதைக் கேளு: இது நம்மள வேற இடத்துக்குக் கூட்டிட்டுப் போகுதா, இல்ல ஒரு வேலையைச் செய்யுதா?

'இன்றைய விலை' வேற பக்கம், அதனால லிங்க். 'வாட்ஸ்அப்பில் கேளுங்க' அதுவும் லிங்க்தான். 'வஞ்சிரம் ஒரு கிலோ கூடையில் போடு' பட்டன். மூணு கோடு மெனு நின்ன இடத்துலயே விரியுது, அதுவும் பட்டன். நிறைய பேர் குழம்புறது 'ஆர்டர் போடு'ல. அழுத்தினதும் நன்றி சொல்ற பக்கம் வருதேன்னு லிங்க் போட்டுடுறாங்க. ஆர்டர் அனுப்புறதுதான் அங்க வேலை, பட்டனே போடு.

தோற்றத்தை சிஎஸ்எஸ்ல எப்படி வேணா மாத்திக்கோ. ஆனா பார்வையில்லாதவங்க என்விடிஏ மாதிரி ஸ்க்ரீன் ரீடர்ல கேட்டுத்தான் வாங்குறாங்க. அதுல கே தட்டினா அடுத்த லிங்க், பி தட்டினா அடுத்த பட்டன். கூடையை நீ லிங்கா வச்சுட்டா, பி தட்டித் தேடுறவங்களுக்கு அது சிக்கவே சிக்காது. கை நடுங்கி மவுஸ் பிடிக்க முடியாதவங்க கீபோர்டை நம்பி இருக்காங்க. பட்டனுக்கு எண்டர், ஸ்பேஸ்பார் ரெண்டும் கேட்கும். லிங்குக்கு எண்டர் மட்டும்தான். ஸ்பேஸ்பார் தட்டினா பக்கம் கீழே நகர்ந்துடும்.

எல்லாத்தையும் விட மோசம், வெறும் டிவ்ல ஆன்கிளிக் மாட்டுறது. டேப் தட்டினா அதுல நிக்கவே நிக்காது. ரோல், டேப்இண்டெக்ஸ், கீபோர்டுக்குத் தனி ஸ்கிரிப்ட்னு ஒட்டுப் போடுறதுக்குப் பதிலா பட்டன் டேகையே எழுதிட்டுப் போயேன்! ஃபார்முக்குள்ள வேற வேலைக்கு வைக்கிற பட்டனுக்கு டைப் 'பட்டன்'னு கொடுத்துடு, இல்லேன்னா ஃபார்மே கிளம்பிடும்.

'இங்கே கிளிக் செய்யவும்'னு பத்து லிங்க் வேண்டாம். ஸ்க்ரீன் ரீடர் லிங்கை மட்டும் பட்டியல் போட்டா எது எங்க போகும்னே தெரியாது.

இதுக்கெல்லாம் நேரமில்லன்னு கடைக்காரர் சொன்னா, 2025 ஏப்ரல் 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பைச் சொல்லு. இ-கேஒய்சி கேமரா முன்னாடி கண் சிமிட்ட முடியாத ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவங்களும், பார்வையில்லாத ஒருத்தரும் போட்ட வழக்குல, டிஜிட்டல் வசதி கிடைக்கிறதும் வாழும் உரிமையில ஒரு பங்குன்னு சொல்லிட்டாங்க.

முடிச்சதும் மவுஸைக் கழட்டி வச்சுட்டு, டேப், எண்டர், ஸ்பேஸ்பார் மட்டும் வச்சு நீயே ஒரு கிலோ சங்கரா ஆர்டர் போட்டுப் பாரு. என்விடிஏ இலவசம்தான், அதையும் இறக்கி ஒருதடவை கண்ணை மூடிக் கேளு. அதுக்கப்புறம் கடைக்காரர்கிட்ட கொடு.