குடியம் குகையில் குடியிருந்தோர் யார்?

பழைய கற்கால மனிதன் குகைகளில் வாழ்ந்தான் என்று பள்ளி நூல்களிலேயே படித்து வந்திருக்கிறோம். அந்தக் குகை பிரான்சிலோ ஸ்பெயினிலோ இருப்பதாகவே எண்ணியும் கொள்கிறோம். ஆனால் எங்கள் மண்ணூர்பேட்டையில் சி.டி.எச். சாலையில் பேருந்து ஏறித் திருவள்ளூர் சென்று, அங்கிருந்து பூண்டி, சீத்தஞ்சேரி வழியே போனால் குடியம் என்னும் சிற்றூரை அடையலாம். அவ்வூருக்கு அப்பால் அல்லிக்குழி மலைக்காட்டில் இருக்கின்றன, நம் பகுதிக் குகைகள்.

ஊரைக் கடந்ததும் முட்புதர்க் காடு தொடங்குகிறது. வழி நெடுகிலும் உருண்டைக் கற்கள். கால் வைக்குமிடமெல்லாம் கல் உருளுவதால் கண்ணைத் தரையிலிருந்து எடுக்க முடிவதில்லை. ஒரு வகையில் அதுவே நன்று. காண வேண்டிய பொருளும் தரையில்தான் கிடக்கிறது. குடிநீர் வழியில் கிடைக்காது. வெயிலுக்கு முன்பே நடந்துவிட வேண்டும். காப்புக்காடு ஆகையால் வனத்துறையினரிடம் கேட்டுக்கொண்டு, ஊரார் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்வதே முறை.

திடீரெனப் புதர் விலகி, செந்நிறப் பாறைச்சுவர் ஒன்று தலைக்குமேல் குடைபோல் கவிந்து நிற்கிறது. குகை என்கிறோமே தவிர, இது உண்மையில் பாறை ஒதுக்கிடமே. உள்ளே ஊரார் வழிபடும் அம்மன் இருக்கிறாள். மேலே பெரிய தேனடைகள் தொங்குவதால் உரக்கப் பேசுவதும் புகை மூட்டுவதும் ஆகாது.

குகை என்றதும் சுண்ணாம்புப் பாறையை எதிர்பார்த்து வருபவர்கள் இங்கே வேறொன்றைக் காண்பார்கள். சுவரை அருகில் நின்று பார்த்தால், பருப்பு மிட்டாயில் வேர்க்கடலை பதிந்திருப்பதுபோல் கூழாங்கற்கள் பதிந்திருக்கின்றன. பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்பு நீர் உருட்டிக் கொணர்ந்த குவார்ட்சைட் கற்கள் மணலோடு இறுகிப் பாறையாயின. மழையும் காற்றும் அப்பாறையை அரிக்க, கற்கள் மீண்டும் உதிர்ந்து கீழே பரவுகின்றன. நாம் மிதித்து வந்தவை அவையே. கற்கால மக்கள் கைக்கோடரி செய்ததும் அந்தக் கல்லில்தான்.

சுண்ணாம்புப் பாறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஆராய்ச்சிக்கு மிக முக்கியமானது. சுண்ணாம்பு எலும்பைக் காக்கும். ஆந்திரத்தின் கர்நூல் பகுதியிலுள்ள பில்லசுர்கம் சுண்ணாம்புக் குகைகளில் 1884இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் தொடங்கிய அகழ்வில் விலங்கு எலும்புகள் ஏராளமாகக் கிடைத்தன. நம் பகுதி மண்ணில் எலும்பு அரிதாகவே தங்கும். எனவே இங்கே வாழ்ந்தோரை அறியக் கல் ஒன்றே பெருஞ்சான்று.

அந்தக் கல் என்ன சொல்கிறது? இந்தியத் தொல்லியல் துறையைச் சார்ந்த கே.டி. பானர்ஜி 1962 முதல் 1964 வரை குடியத்தில் அகழ்ந்தார். கைக்கோடரிக் காலத்தின் பிற்பகுதி தொட்டு நுண்கற்கருவிக் காலம் வரை கருவிகள் கிடைத்தன. ஆனால் ஒதுக்கிடத்தினுள் அவை மிகக் குறைவு. ஆகவே மக்கள் இங்கே நிலையாகக் குடியிருக்கவில்லை என்ற கருத்துக்கே அவர் வந்தார். இது எனக்கு எளிதில் விளங்கிற்று. நான் அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கத்துப் பையன். ஒரு லேத் பட்டறை நடந்த இடத்தைக் கண்டுபிடிக்கப் பெயர்ப்பலகை வேண்டாம். தரையில் கிடக்கும் இரும்புச் சுருளே போதும். கல்லுக்கும் அஃதே. கருவி செய்த இடத்தில் செதில்கள் குவிந்திருக்கும்.

அப்படிக் குவிந்த இடம் குகையன்று. கொற்றலையாற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கம். 1863 மே மாதம் பல்லாவரத்தில் முதல் கைக்கோடரியைக் கண்டெடுத்த ஃபூட், அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங் என்பாரோடு அத்திரம்பாக்கத்தைக் கண்டார். சாந்தி பப்பு அவர்களின் குழுவினர் 1999 முதல் அங்கே அகழ்ந்து, அடியிலுள்ள கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழமை வாய்ந்தவை என 2011இல் வெளியிட்டனர். செதிற்கருவிகள் மிகுந்த இடைப் பழங்கற்காலம் அங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியதை 2018இல் காட்டினர். ஆக, நம் நாட்டு ஆதிமனிதனைக் குகைவாசி என்பதைவிட ஆற்றங்கரைவாசி என்பதே பொருந்தும் என்பது என் கருத்து.

அந்தப் பழமையை எப்படிக் கணித்தார்கள்? நிலத்தின் மேல் கிடக்கும் கல்லில் விண்கதிர்கள் பட்டு, பெரிலியம், அலுமினியம் ஆகியவற்றின் கதிரியக்க வடிவங்கள் உண்டாகின்றன. கல் ஆழத்தில் புதைந்தபின் அவை வெவ்வேறு வேகத்தில் தேய்கின்றன. எஞ்சியவற்றின் விகிதம், புதைந்த காலத்தைக் காட்டும். அந்தக் கல் எந்த அடுக்கில் கிடந்தது என்பது தெரியாவிட்டால் இக்கணக்குப் பயனற்றுப் போகும்.

திரும்புகையில் எங்களுள் ஒருவன் கூரிய கல்லொன்றைப் பைக்குள் போட்டான். உடன்வந்த விரிவுரையாளர், "எங்கே எடுத்தாயப்பா?" என்றார். அவன் விழித்தான். நூறு அடி பின்னே சென்று இடத்தைத் தேடி வைத்துவிட்டு வரச் சொன்னார். அவன் வரும்வரை வெயிலில் காத்து நின்றோம். கருவிகளை அருகில் காண விரும்புவோருக்குப் பூண்டி நீர்த்தேக்கத்தருகே அரசு அகழ்வைப்பகம் உள்ளது. ஃபூட் சேர்த்தவை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.