எலித் தீனியை நிறுத்துப் பார்

அன்புத் தங்கைக்கு,

செராஸில் ஆய்வுக்குச் சேர்ந்துவிட்டாய், இனி மூன்று வருடம் எலிகளோடுதான் என்று எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. எலிகளின் ஆயுளை நீட்டுமா என்று நீ தீனியில் கலந்து பார்க்கப்போகும் டோகோட்ரையினால்தான் செம்பனை எண்ணெயிலுள்ள வைட்டமின் ஈ-யில் பெரும்பகுதி. அதைப் பாங்கியில் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியமும் ஆராய்கிறது. எண்ணெய் உற்பத்தியாளர்கள் கட்டும் தீர்வையும் வாரியத்துக்கு வருமானம். அதில் குற்றமில்லை, வாரியத்தின் கட்டுரைகளைப் படிக்கும்போது மனத்தில் இருக்கட்டும்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: தீனியை நிறுத்துப் பார். 1935-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மெக்கே, தீனியைக் குறைத்தே எலிகளின் ஆயுளை நீட்டிக் காட்டினார். நீ கலக்கும் பொருள் கசந்தால் எலி குறைவாகத் தின்னும், மெலியும், அதனாலேயே கூடுதல் நாள் வாழவும் கூடும். பேர் மட்டும் உன் பொருளுக்குப் போய்விடும். ஆகவே கூண்டில் வைத்தது எவ்வளவு, மிஞ்சியது எவ்வளவு, மரத்தூளில் சிந்திக் கிடப்பது எவ்வளவு என்று குறித்து வை. எலியின் எடையை வாராவாரம் எழுது. அதே அளவு வெறும் தீனி தின்னும் இன்னொரு கூட்டமும் வேண்டும். இடமில்லை, காசில்லை என்பார்கள், விடாதே.

ஒரு பொருள் ஆயுளை நீட்டுமா என்று அமெரிக்காவில் மூன்று ஆய்வுக்கூடங்கள் ஒரே சோதனையைத் தனித்தனியே செய்து பார்க்கும் திட்டம் ஒன்று உண்டு. மஞ்சளின் குர்க்குமின், பச்சைத் தேயிலைச் சாறு, ரெஸ்வெரட்ரால் மூன்றுமே சுண்டெலிகளின் ஆயுளை நீட்டவில்லை என்று 2013-இல் அது அறிவித்தது. அதே திட்டத்தில் ராபமைசின், 600 நாள் வயதான சுண்டெலிகளுக்குக் கொடுத்தும் வேலை செய்தது (2009). ஆனால் அது சமையலறைச் சரக்கல்ல, ஈஸ்டர் தீவு மண்ணின் நுண்ணுயிரி தந்த மருந்து.

பிரிக்பீல்ட்ஸில் மஞ்சள் மாத்திரை வாங்கும் அத்தை, "எலிக்குக் கொடுத்தா நமக்கும் நல்லதுதானே?" என்று உன்னைக் கேட்காமல் விடமாட்டார். கணக்கைச் சொல். அந்தச் சோதனையில் கிலோ தீனிக்கு 2 கிராம் குர்க்குமின். 30 கிராம் சுண்டெலி நாளைக்கு 4 கிராம் தின்றால் 8 மில்லிகிராம். எடையால் வகுத்து, மனிதருக்கு மாற்ற மேலும் 12.3-ஆல் வகுத்தால், 60 கிலோ ஆளுக்கு ஏறத்தாழ 1.3 கிராம். மஞ்சள் தூளில் குர்க்குமின் சுமார் 3 விழுக்காடுதான். ஆக, தினம் 40 கிராமுக்கு மேல் தூள். அவ்வளவு கொடுத்தும் சுண்டெலியின் ஆயுள் நீளவில்லை. மீன் குழம்புக்குப் போடுவதை அத்தை நிறுத்த வேண்டாம், அது ருசிக்கு.

முதல் ஆறு மாத எடைத் தாள்களை எனக்கு அனுப்பு. கட்டுரை வரைவு அப்புறம் வரட்டும்.

அன்புடன்,
அண்ணன், கிள்ளான்