ஆஸ்லோவுக்குப் போகிறவர் முன்கூட்டியே போட வேண்டிய கணக்கு

நார்வேயில் வேலை உறுதியானதும் வீட்டில் நடக்கும் முதல் காரியம், சம்பளத்தை எட்டாலோ ஒன்பதாலோ பெருக்கி ரூபாயாக்கிப் பார்த்து மகிழ்வது. போய் இறங்கியபின் அதே பெருக்கல் வேறு விதமாகத் தாக்கும். ஒரு காபி நானூறு ரூபாயா என்று வயிறு எரியும். இரண்டு கணக்காலும் பயனில்லை. புதிதாகப் போனவரின் சேமிப்பைக் கரைப்பவை, முதல் ஆண்டில் மொத்தமாக வந்து விழும் நான்கைந்து செலவுகள். அவை வரும் வரிசையிலேயே இந்தக் கட்டுரையும் போகிறது. குடும்பத்தோடு ஆஸ்லோவிலோ அதைச் சுற்றியோ குடியேறப் போகும் சம்பளக்காரருக்காக எழுதியது இது.

1. கைக்கு வரும் தொகையைக் கண்டுபிடியுங்கள்

வேலைக் கடிதத்தில் இருப்பது வரிக்கு முந்தைய ஆண்டுச் சம்பளம். 6,50,000 குரோனர் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு ஏறக்குறைய 54,170. வெளிநாட்டிலிருந்து புதிதாக வருபவர்களை, வருமானம் ஒரு வரம்புக்குள் இருந்தால், 25 சதவீத ஒரே வீத வரித் திட்டத்தில் சேர்ப்பார்கள். அதன்படி கைக்கு வருவது சுமார் 40,600. இந்தத் திட்டத்தில் எந்தக் கழிவும் கிடையாது. வேண்டாம் என்றால் வழக்கமான வரிமுறைக்கு மாறலாம். இனி எல்லாவற்றையும் இந்த நாற்பதாயிரத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள், ரூபாயை மறந்துவிடுங்கள்.

2. வரி அட்டைதான் முதல் வேலை

வரி அட்டை இல்லாமல் முதல் சம்பளம் போடப்பட்டால் நிறுவனம் 50 சதவீதத்தைப் பிடித்தாக வேண்டும், சட்டம் அப்படி. கூடுதலாகப் பிடித்தது பின்னால் திரும்பும், ஆனால் முன்பணமும் வாடகையும் கட்ட வேண்டிய மாதத்தில் அந்த ஆறுதலால் ஆவதென்ன? கடவுச்சீட்டோடு நேரில் போய் அடையாளம் காட்டினால்தான் அட்டைக்கான எண் கிடைக்கும். அதனால் விமானச் சீட்டு எடுக்கும்போதே வரி அலுவலகத்தில் நேரம் வாங்கிவிடுங்கள். ஆறு மாதத்துக்குள் திரும்புகிறவர்களுக்குத் தற்காலிக எண், அதற்கு மேல் தங்குகிறவர்களுக்கு நிரந்தர அடையாள எண்.

எண் வந்தபின்தான் வங்கிக் கணக்கு, கணக்கு வந்தபின்தான் வங்கி தரும் மின்னடையாளம். வீட்டு ஒப்பந்தம், மருத்துவர் பதிவு, பள்ளி விண்ணப்பம் எல்லாவற்றையும் அந்த மின்னடையாளத்தை வைத்தே திறக்க வேண்டும். இதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை ஓட்ட, வெளிநாட்டில் செல்லும் ஊர் வங்கி அட்டைகள் இரண்டாவது கையில் இருக்கட்டும்.

3. வீடு

மொத்தச் செலவில் பெரும்பங்கு இதற்குத்தான், நிதானமும் இங்கேதான் வேண்டும். விளம்பரத்தில் ‘இரண்டு அறை’ என்றால் ஒரு கூடமும் ஒரு படுக்கையறையும். சமையலறையும் குளியலறையும் கணக்கில் வராது. அப்படியொரு வீட்டுக்கு ஆஸ்லோ நகருக்குள் மாதம் 14,000 முதல் 18,000 வரை கேட்பார்கள். முன்பணம் வழக்கமாக மூன்று மாத வாடகை. சட்டப்படி ஆறு மாதத்துக்கு மேல் கேட்க முடியாது. வாடகை 16,000 என்றால் முன்பணம் 48,000, முதல் மாதம் 16,000, ஆக 64,000 குரோனரைச் சம்பளம் வருமுன் எடுத்து வைக்க வேண்டும். ஐந்தரை லட்சம் ரூபாய் போல. இதற்கு மட்டும் ரூபாய்க் கணக்கு தேவை, ஏனென்றால் பணம் ஊரிலிருந்துதான் போகப்போகிறது.

அந்த முன்பணத்தை வீட்டுக்காரரின் சொந்தக் கணக்கில் போடவே கூடாது. உங்கள் பெயரில் தனி முன்பணக் கணக்கு திறக்க வேண்டும், திறக்கும் செலவு வீட்டுக்காரருடையது, வட்டி உங்களுடையது. இருவர் ஒப்புதலும் இன்றிப் பணம் எளிதில் வெளியே வராது. “நண்பர் கணக்குக்கு அனுப்புங்கள், சாவி தபாலில் வரும்” என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். சென்னையில் உட்கார்ந்துகொண்டு படம் பார்த்து வீடு பிடிப்பவர்கள்தான் இந்த மோசடிக்கு இலக்கு. முதல் மாதத்துக்குத் தற்காலிக இடம் எடுத்து, நேரில் பார்த்தபின் கையெழுத்துப் போடுவதுதான் சரி, அது சற்றுக் கூடுதல் செலவானாலும்.

ஒப்பந்தத்தில் மூன்றைக் கவனியுங்கள். காலவரையறை உள்ள ஒப்பந்தம் பொதுவாகக் குறைந்தது மூன்று ஆண்டுக்கு இருக்க வேண்டும்; வீட்டுக்காரர் தான் குடியிருக்கும் வீட்டின் மாடியையோ அடித்தளத்தையோ விட்டால் ஓராண்டு போதும். வாடகையை ஆண்டுக்கு ஒருமுறை, விலைவாசிக் குறியீட்டெண் உயர்ந்த அளவுக்குத்தான் ஏற்றலாம், ஒரு மாதம் முன்பே எழுத்தில் சொல்லவும் வேண்டும். மூன்றாவது, வாடகைக்குள் மின்சாரமும் வெப்பமூட்டலும் அடக்கமா என்பது. ஆயிரம் குரோனர் வாடகை கூடுதலான வீடு, வெப்பம் அடக்கம் என்பதாலேயே குளிர்காலத்தில் மலிவாக முடிவதுண்டு.

நகருக்குள்ளேயே இருந்தாக வேண்டும் என்பதும் இல்லை. புதிய ரயில்பாதை வந்தபின் ஷீ ஊரிலிருந்து ஆஸ்லோ மத்திய நிலையம் 11 நிமிடம். லில்லெஸ்ட்ரோமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

4. மின்கட்டணம்: இரண்டு பில், இரண்டு தந்திரம்

நார்வேயில் வீட்டைச் சூடாக்குவது பெரும்பாலும் மின்சாரம். அதற்கு இரண்டு கட்டணம் வரும். ஒன்று மின்சாரத்தின் விலை, மற்றொன்று கம்பி வழியாகக் கொண்டுவந்து சேர்க்கும் வலையமைப்புக் கட்டணம்.

விலை மணிக்கு மணி மாறக்கூடியது. நாடு ஐந்து விலைப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. தெற்கில் ஏறும்போது வடக்கில் சும்மா கிடக்கும். 2025 அக்டோபர் 1 முதல் அரசு ‘நார்வே விலை’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. தேர்ந்தெடுத்தால் ஒரு யூனிட் வரியோடு 50 ஓரே, அதாவது அரைக் குரோனர், என்று நிலையாக இருக்கும். தேர்ந்தெடுக்காதவர்களுக்குச் சந்தை விலை. அது ஒரு வரம்பைத் தாண்டினால் தாண்டிய பகுதியில் 90 சதவீதத்தை அரசு ஏற்கும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. தெற்கில், பழைய மரவீட்டில், குழந்தையோடு குளிர்காலம் கழிக்கப் போகிறவர் நிலையான விலையை எடுத்தால் நிம்மதி என்பது என் எண்ணம். மின்கணக்கு உங்கள் பெயரில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வலையமைப்புக் கட்டணத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அதில் ஒரு பகுதி, ஒரே மணி நேரத்தில் நீங்கள் இழுக்கும் உச்ச அளவைப் பொறுத்தது. மாதத்தில் மூன்று வெவ்வேறு நாள்களின் உச்ச மணிகளை எடுத்துச் சராசரி போட்டுப் படிநிலை வைப்பார்கள். ஞாயிறு காலை துணி துவைக்கும் இயந்திரம், ஓவன், அடுப்பில் பிரியாணி, வெந்நீர்க் கொதிகலன் எல்லாம் ஒரே மணியில் ஓடினால் அந்த மாதமே மேல் படிக்குப் போய்விடும். அவ்வளவு மின்சாரத்தையும் பிரித்துப் பிரித்துச் செலவழித்தால் கட்டணம் இறங்கும்.

5. சாப்பாடு

ரேமா 1000, கிவி, எக்ஸ்ட்ரா ஆகிய மூன்றும் மலிவுக் கடைகள். பொட்டலத்தின் விலையைப் பார்க்காதீர்கள். அதன் கீழே சின்ன எழுத்தில் கிலோவுக்கு எவ்வளவு என்று போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். கடைகளின் சொந்தப் பெயரில் வரும் மாவு, பால், பயறு, டின் தக்காளி எல்லாமே நன்றாக இருக்கும். காய்கறிக்கும் அரிசி மூட்டைக்கும் தேங்காய்க்கும் கறிவேப்பிலைக்கும் ஆஸ்லோவின் கிரோன்லாந்து பகுதிக்குப் போங்கள். ஈழத்தமிழர்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாக அந்த நாட்டில் வாழ்கிறார்கள், ஆகவே சாம்பார்ப் பொடியைப் பெட்டியில் திணித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. மீன் குழம்புக்குக் காட் மீன் வாங்குவதற்குப் பதில், அதன் உறவான ‘சேய்’ மீன் வாங்குங்கள். விலை குறைவு, புளியில் நன்றாக நிற்கும்.

வெளியே சாப்பிடுவது வேறு கதை. சாதாரண உணவகத்தில் ஒரு தட்டு இருநூறு குரோனரைத் தாண்டும். நார்வேக்காரர்களே மதியத்துக்கு வீட்டிலிருந்து ரொட்டித் துண்டுகளைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவருவார்கள், பெரிய அதிகாரி உட்பட. நீங்கள் தயிர்சாதம் கட்டிப் போனால் யாரும் ஏளனமாகப் பார்க்கப் போவதில்லை. குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர். பாட்டில் வாங்குவது வீண். வாங்கிவிட்டால் காலி பாட்டிலைக் கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டு, சிறியதற்கு 2, பெரியதற்கு 3 குரோனர் திரும்பப் பெறுங்கள்.

6. கை பட்டால் காசு

முடிவெட்ட ஐநூறு, குழாய் பழுது பார்க்க மணிக்கு ஆயிரத்துக்கு மேல். மனித உழைப்பு எங்கே சேர்ந்தாலும் விலை தாவும், அந்த உழைப்பாளிக்கு நல்ல கூலி கிடைப்பதால். முடிவெட்டும் இயந்திரம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மரச்சாமான்கள், மிதிவண்டி, குழந்தை வண்டி, பனிக்காலணி எல்லாம் ஃபின் என்ற விளம்பர இணையதளத்தில் பழையதாக, சில நேரம் இலவசமாகவே கிடைக்கும். கனமான குளிர் உடைகளைத் தி.நகரில் வாங்க வேண்டாம். அங்கே போய் உள்ளே உடுத்தும் கம்பளி உடையைப் புதிதாகவும் மேலங்கியைப் பழையதாகவும் வாங்கினால் போதும். கார் பற்றி முதல் ஆண்டில் யோசிக்காதீர்கள். சுங்கமும் நிறுத்தக் கட்டணமும் மாதப் பயணச் சீட்டைவிடப் பெரிது.

7. அரசு சுமப்பதைக் கேட்டு வாங்குங்கள்

வேலை தொடங்கியதும் தேசியக் காப்பீட்டில் சேர்ந்துவிடுவீர்கள். பெரியவர்கள் மருத்துவருக்குக் கட்டும் பங்குக்கு ஆண்டு உச்சவரம்பு உண்டு (2025-இல் 3,278 குரோனர்); அதைத் தாண்டினால் அந்த ஆண்டின் மீதி நாள்களுக்கு இலவசம். பதினாறு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணமே இல்லை. பல் மட்டும் விதிவிலக்கு. பெரியவர்களின் பல் சிகிச்சையைக் காப்பீடு பொதுவாக ஏற்காது, எனவே சொத்தைப் பல்லை ஊரிலேயே அடைத்துக்கொண்டு விமானம் ஏறுங்கள்.

மழலையர் காப்பகக் கட்டணத்துக்கு 2025 ஆகஸ்டு முதல் மாதம் 1,200 குரோனர் உச்சவரம்பு. உணவுப் பணம் தனி. பெரும்பாலான நகராட்சிகளில் விண்ணப்பக் கடைசி நாள் மார்ச் 1. குழந்தைக்கான மாத உதவித்தொகையும் உண்டு, அதற்கும் விண்ணப்பிக்க வேண்டியிருக்கலாம்.

8. முதல் ஜூன் மாதம்

இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நார்வேயில் விடுமுறை நாள்களுக்குச் சம்பளம் கிடையாது. அதற்குப் பதில், முந்தைய ஆண்டு நீங்கள் சம்பாதித்ததில் குறைந்தது 10.2 சதவீதம், தொழிற்சங்க ஒப்பந்தம் உள்ள இடங்களில் 12 சதவீதம், விடுமுறைப் பணமாக அடுத்த ஆண்டு, வழக்கமாக ஜூனில் வரும். முந்தைய நவம்பரில் சேர்ந்தவருக்கு இரண்டு மாதச் சம்பளத்தின் 12 சதவீதம்தான் கிடைக்கும். விடுமுறை எடுத்தால் அந்த நாள்களின் சம்பளமோ முழுதாகக் கழியும். கோடையில் ஊருக்கு வர நான்கு சீட்டு எடுக்கும் மாதமும் அதுவே. ஆகவே சேர்ந்த முதல் மாதத்திலிருந்து சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். ஊரில் வீட்டுக் கடன் தவணையை ஏற்றுக்கொள்வதாக இருந்தால், இந்த ஜூன் கடந்தபின் ஏற்றுக்கொள்ளுங்கள்.

9. வழக்கமான வரிமுறைக்குப் போகும்போது

ஒரே வீதத் திட்டத்தை விட்டு வெளியே வந்ததும் வரி அறிக்கை வரும். பெரும்பாலான விவரங்களை வரித்துறையே நிரப்பி அனுப்பும். ஏப்ரல் 30-க்குள் சரிபார்க்க வேண்டும். பயணச் செலவு, குழந்தைக் காப்பகச் செலவு, கடன் வட்டி ஆகியவற்றுக்குக் கழிவு உண்டா என்று பாருங்கள். வரித்துறை நிரப்ப முடியாத பகுதி ஒன்றிருக்கிறது: ஊரில் உங்கள் பெயரில் இருக்கும் வங்கி வைப்பு, வீடு, மனை, வாடகை வருமானம். நார்வேயில் செல்வ வரி உண்டு, வெளிநாட்டுச் சொத்தையும் அறிக்கையில் காட்ட வேண்டும். பத்திர நகல்களையும் வங்கியின் ஆண்டு இறுதி இருப்புச் சான்றையும் கிளம்பும் முன்பே ஒரு கோப்பில் போட்டு எடுத்துப் போங்கள்.