எடை தூக்கினால் கை வீங்குமா?

கேள்வி: எனக்கு 52 வயது. இடது மார்பகத்தை எடுத்து, அக்குளில் இருந்த நெறிகட்டிகளையும் அகற்றினார்கள். கீமோ, ரேடியேஷன் முடிந்து நான்கு மாதமாக லெட்ரோசோல் மாத்திரை சாப்பிடுகிறேன். இடது கை தோளுக்கு மேல் ஏறவில்லை. அக்குளிலிருந்து முழங்கை வரை கம்பி போல இழுக்கிறது. காலையில் விரல் மூட்டெல்லாம் பிடித்துக்கொள்கிறது. "கை வீங்கிவிடும், எதையும் தூக்காதே" என்று வீட்டில் ஒரு செம்புத் தண்ணீர்கூட எடுக்க விடுவதில்லை. நான் உடற்பயிற்சி செய்யலாமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: செய்யலாம் சகோதரி. உங்கள் நிலையில் அது சிகிச்சையின் ஒரு பகுதி.

வீட்டாரின் பயம் காரணமில்லாதது அல்ல. நெறிகட்டிகளை எடுத்த பக்கத்தில் நிணநீர் வடியும் வழி குறைகிறது. சிலருக்குக் கை வீங்குகிறது. அதனால்தான் மருத்துவர்களே பல காலம் "அந்தக் கையால் எதையும் தூக்காதீர்கள்" என்றார்கள். 1996இல் கனடாவின் வான்கூவரில் டான் மெக்கென்ஸி என்ற மருத்துவர், மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 24 பெண்களைத் துடுப்புப் படகுப் பயிற்சியில் இறக்கினார். யாருக்கும் புதிதாகக் கை வீங்கவில்லை. 2009இல் அமெரிக்காவில், ஏற்கெனவே கை வீக்கம் இருந்த 141 பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. வாரம் இருமுறை, படிப்படியாக எடை தூக்கியவர்களில் 14 சதவீதத்தினருக்கு வீக்கத் தொல்லை கூடியது. தூக்காதவர்களில் 29 சதவீதத்தினருக்கு. தசை சுருங்கி விரியும்போது நிணநீர் மேலே தள்ளப்படுகிறது. அசைக்காத கையில் தசை மெலிந்து, தோள் இறுகிப்போகும். அப்படிப்பட்ட கையால் ஒருநாள் அவசரத்துக்கு நிறைகுடத்தைத் தூக்குவதுதான் ஆபத்து.

அந்த இழுப்பு, பெரும்பாலும் நிணநீர்க் குழாய்கள் தடித்து இறுகுவதால் வருவது. மெதுவாக நீட்டி நீட்டித்தான் அது இளகும். ஒருமுறை பிசியோதெரபிஸ்டிடம் நேரில் காட்டுங்கள். சுவரைப் பார்த்து நின்று, இடது கை விரல்களை எறும்பு ஊர்வது போல மேலே நகர்த்துங்கள். இழுப்பு தெரியும் இடத்தில் நிறுத்தி, பத்து எண்ணி, மெல்ல இறக்குங்கள். வலிக்கும் அளவுக்குப் போக வேண்டாம். தோளைக் காதை நோக்கித் தூக்கவும் வேண்டாம். ஒரு வேளைக்கு ஐந்து முறை, நாளுக்கு இரண்டு வேளை போதும். எட்டிய உயரத்தைப் பென்சிலால் குறித்து வையுங்கள். படுத்துக்கொண்டு இரு கைகளையும் கோத்துத் தலைக்கு மேல் கொண்டுபோவதும் நல்லது. கொடியில் துணி உலர்த்துவதையும் தலை பின்னுவதையும் இனி நீங்களே செய்யுங்கள். ரேடியேஷன் பட்ட இடம் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில்கூட இறுகிக்கொண்டே போகலாம். கை முழுதாக ஏறிவிட்டது என்று பயிற்சியை விட்டுவிடாதீர்கள்.

தோள் கொஞ்சம் இளகிய பிறகு எடை. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் தொடங்கலாம். மறுநாள் கை கனக்காமல் இருந்தால் மட்டும், சில வாரங்களுக்கு ஒருமுறை சிறிது கூட்டுங்கள். குடத்துக்கு இன்னும் காலம் இருக்கிறது. மாதம் ஒருமுறை இரு கைகளையும் ஒரே இடங்களில் டேப்பால் அளந்து எழுதி வையுங்கள்.

மூட்டுப் பிடிப்பு இந்த மாத்திரையால் பலருக்கும் வருவது. எலும்பையும் அது மெலியவைக்கும். இரண்டுக்கும் நடையும் எடைப் பயிற்சியும் உதவும். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பத்து நிமிட நடையில் தொடங்கி, வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் என்ற அளவுக்கு வாருங்கள். கீமோவால் பாதம் மரத்திருந்தால் செருப்பில்லாமலோ இருட்டிலோ நடக்க வேண்டாம். மூச்சு வாங்கினால், அல்லது எலும்பில் விடாத வலி இருந்தால், முதலில் உங்கள் புற்றுநோய் மருத்துவரைப் பாருங்கள்.

வளையல், மோதிரம், ரவிக்கைக் கை திடீரென இறுக்கமாகத் தெரிந்தால் பிசியோதெரபிஸ்டிடம் அந்த வாரமே போங்கள். கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் சேர்ந்தால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.