கெட்ட நாளில் தெரியும் புள்ளி

2015 நவம்பரில் அமெரிக்காவின் இஓடெக் நிறுவனமும் அதன் தாய் நிறுவனமான எல்-3 கம்யூனிகேஷன்ஸும் அந்நாட்டு அரசுக்கு 2 கோடியே 56 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. ராணுவத்துக்கு விற்ற ஹோலோகிராஃபிக் சைட்டுகள் என்ற குறிபார்க்கும் கருவிகள் கடுங்குளிரிலும் ஈரப்பதத்திலும் சொன்னபடி வேலை செய்யவில்லை. வெப்பநிலை மாறினால் குறிபார்க்கும் புள்ளி இடம் நகர்ந்தது. தெரிந்தும் நிறுவனம் அதை உரிய காலத்தில் சொல்லவில்லை என்பதுதான் வழக்கு. உயிரைப் பணயம் வைத்துக் களத்துக்குப் போகிறவர்களின் துப்பாக்கியில் இருந்த கருவி அது. பிறகு பொதுமக்களில் வாங்கியவர்களுக்கும் பணத்தைத் திருப்பித் தர நிறுவனம் முன்வந்தது.

ரெட் டாட் சைட் வேறு வகை என்றாலும், அதை வாங்க நினைப்பவர் இந்த வழக்கிலிருந்து தொடங்குவது நல்லது. கடையின் கண்ணாடி மேசைக்கு முன்னால், சீரான வெளிச்சத்தில், எல்லாப் புள்ளிகளும் அழகாகத்தான் தெரியும். மழை, உறைபனி, தீர்ந்துபோன பேட்டரி, தளர்ந்த திருகு, மங்கிய கண் என வரும் கெட்ட நாட்களில் அது என்ன செய்யும் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

ரெட் டாட் சைட்டின் அடிப்படை யோசனை பழையது. 1900இல் டப்ளினைச் சேர்ந்த தொலைநோக்கித் தயாரிப்பாளர் ஹோவர்ட் கிரப் இதைப் பதிவுசெய்தார். இன்றைய சைட்டில் சிறிய எல்.ஈ.டி. விளக்கு ஒன்று சிவப்பு ஒளியை வளைந்த கண்ணாடியின் மேல் வீசுகிறது. கண்ணாடியின் பூச்சு அந்தச் சிவப்பை மட்டும் கண்ணுக்குத் திருப்பி அனுப்பி, மற்ற நிறங்களை உள்ளே விடுகிறது. அதனால் புள்ளி வெகு தொலைவில், இலக்கின் மேலேயே ஒட்டியிருப்பதுபோல் தெரியும். சிவப்பு கழிந்துவிடுவதால் காட்சியில் லேசான நீலச் சாயல் இருக்கும். அந்த நீலம் கண்ணை உறுத்தும் அளவுக்கு இருந்தால் பூச்சு மட்டம் என்றே நான் எடுத்துக்கொள்வேன். அந்தி மங்கும் நேரத்தில் அதன் வழியே ஒருமுறை பார்த்தால் வேறுபாடு புரிந்துவிடும்.

1975இல் ஸ்வீடனின் ஐம்பாயிண்ட் இந்த யோசனையைப் பேட்டரியில் ஓடும் சைட்டாக வேட்டைக்காரர்கள் கையில் கொடுத்தது. கடமானைப் போன்ற பெரிய மூஸ் விலங்கு, மரங்களுக்கு நடுவே சில நொடிகள் மட்டும் தெரிந்து மறையும். இரும்புக் குறிகளை வைத்துச் சுடும்போது பின்குறி, முன்குறி, இலக்கு என மூன்றையும் ஒரே கோட்டில் கொண்டுவர வேண்டும். கண்ணோ ஏதாவது ஒன்றில்தான் தெளிவாகக் குவியும். புள்ளி வந்த பிறகு இலக்கை மட்டும் பார்த்தால் போதும் என்றானது. அமெரிக்க ராணுவமும் அந்த நிறுவனத்தின் சைட்டை எடுத்து எம்68 என்று பெயர் சூட்டியது.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இதுவே பெரிய வரம். கைநீட்டும் தூரத்திலுள்ள முன்குறி மங்கத் தொடங்கும் வயதில், தூரத்திலேயே தெரியும் புள்ளி கைகொடுக்கிறது. ஆனால் அதே கண்ணில் அஸ்டிக்மாடிசம் என்ற பார்வைக் குறை இருந்தால் கதை மாறும். வட்டமாக இருக்க வேண்டிய புள்ளி, நட்சத்திரமாகவோ வால் முளைத்ததாகவோ இரண்டாகவோ தெரியும். எத்தனையோ பேர் சைட்டில் குறை என்று நினைத்து ஒன்றைத் திருப்பிக் கொடுத்து இன்னொன்றை வாங்குகிறார்கள். அதிலும் அதே வால்தான் வரும்.

சோதிப்பது எளிது. சைட்டைத் தனியாகக் கையில் எடுத்து, அதன் வழியே பார்த்துக்கொண்டே மெல்லச் சுழற்ற வேண்டும். சிதறல் சைட்டோடு சேர்ந்து சுழன்றால் குறை சைட்டில். சிதறல் அப்படியே நின்றால் குறை பார்ப்பவர் கண்ணில். அந்தப் புள்ளியை செல்போன் கேமராவில் படமெடுத்தும் பார்க்கலாம். படத்தில் வட்டமாக இருந்தால் கண் மருத்துவரிடம் போவதுதான் முறை. சரியான சிலிண்டர் பவர் போட்ட மூக்குக்கண்ணாடி பலருக்குப் புள்ளியைச் சீராக்கிவிடுகிறது. அப்படியும் சரியாகாதவர்கள் ப்ரிஸம் சைட்டைப் பார்க்கலாம். அதில் குறி கண்ணாடியிலேயே செதுக்கப்பட்டிருக்கும். பேட்டரி தீர்ந்தாலும் கறுப்பாகத் தெரியும். கண்ணுக்கேற்பக் குவியத்தைத் திருத்தவும் முடியும். ஆனால் கண்ணைக் குறிப்பிட்ட தூரத்திலேயே வைக்க வேண்டும்.

புள்ளியின் அளவை எம்.ஓ.ஏ. என்ற அலகில் சொல்வார்கள். ஒரு எம்.ஓ.ஏ. என்பது 100 மீட்டரில் சுமார் 2.9 செ.மீ. அப்படியானால் 2 எம்.ஓ.ஏ. புள்ளி அந்தத் தூரத்தில் 6 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாக மறைக்கும், 6 எம்.ஓ.ஏ. புள்ளி 17 செ.மீ.க்கு மேல் மறைத்துவிடும். ரைஃபிளுக்கு 2 பொருத்தம். கைத்துப்பாக்கியில் 25 மீட்டருக்கு 6 எம்.ஓ.ஏ. புள்ளி மறைப்பது நாலரை செ.மீ.கூட இல்லை, வேகமாகக் கண்ணில் படும். புள்ளியைத் தேவைக்கு மேல் பிரகாசமாக வைத்தால் சிறிய புள்ளியும் பெருத்து மங்கும். வெளிச்சத்தைக் குறைத்துப் பழகுவதே நல்லது.

கைத்துப்பாக்கியில் சைட் உட்காரும் இடம் கடுமையானது. ஒவ்வொரு முறை சுடும்போதும் ஸ்லைடு பின்னுக்கும் முன்னுக்கும் மோதும் அதிர்ச்சி முழுதும் சைட்டுக்கே போகும். விலை குறைந்த நகல்கள், பெயர்பெற்ற மாடல்களைப் போலவே உருவம் கொண்ட போலிகள், இங்கேதான் கைவிடுகின்றன. விளக்கு திறந்தவெளியில் இருக்கும் வகையில், ஒரு துளி மழைநீரோ பனியோ அதன்மேல் விழுந்தால் புள்ளி சிதறும் அல்லது காணாமல் போகும். ஐம்பாயிண்ட் அக்ரோ போன்ற மூடிய வகையில் கண்ணாடியைத் துடைத்தால் போதும். ஈரமும் தூசியும் உள்ள இடத்தில் பயன்படுத்துபவருக்கு, எடை கொஞ்சம் கூடினாலும் மூடிய வகைதான் என் தேர்வு.

பேட்டரி விஷயத்திலும் அக்ரோவே ஒரு பாடம். பி-1 மாடலில் சிறிய சி.ஆர்.1225 பேட்டரி இருந்தது. அதன் ஆயுள் போதாது என்ற குறை பரவலாக எழுந்தது. அடுத்து வந்த பி-2இல் நிறுவனமே பெரிய சி.ஆர்.2032க்கு மாறி, 50,000 மணி நேரம் என்று அறிவித்தது. அதற்காகப் பேட்டரி தானாகத் தீரும்வரை காத்திருக்கக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை, மறக்காத ஒரு தேதியில், மாற்றிவிட வேண்டும். குழந்தைகள் விழுங்காமல் இருக்கக் கசப்புப் பூச்சு பூசிய பேட்டரிகளில், அந்தப் பூச்சே சில கருவிகளில் மின்தொடர்பைத் தடுக்கும். மேலேயோ பக்கவாட்டிலோ பேட்டரியை மாற்ற முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும். ட்ரிஜிகானின் பழைய ஆர்.எம்.ஆர். போல அடியில் இருந்தால், சைட்டையே கழற்றித்தான் மாற்ற முடியும். மாட்டிய பிறகு சுடுதளத்துக்குப் போய்க் குறியைச் சரிபார்க்க வேண்டியதும் கட்டாயம்.

பெரும்பாலான தொல்லைகள் சைட்டில் அல்ல, அது உட்காரும் பலகையிலும் திருகிலும்தான். எல்லா சைட்டும் எல்லாத் துப்பாக்கியிலும் உட்காராது. அடிப்பகுதியின் அளவுகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, திருகுகளை உற்பத்தியாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்கி, திருகின் தலையிலிருந்து பலகைவரை பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிட்டால், திருகு அசைந்தாலே கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

ஏ.ஆர்.-15 வகை ரைஃபிளில் சைட் குழலுக்கு மேல் ஆறரை செ.மீ. அளவு உயரத்தில் இருக்கும். 50 கெஜத்தில் குறி சரிசெய்தவர், அறையளவு தூரத்தில் புள்ளி வைத்த இடத்துக்குக் கிட்டத்தட்ட அந்த ஆறரை செ.மீ. கீழேதான் துளை விழுவதைக் காண்பார். இதைக் காகிதத்தில் சுட்டுப் பார்த்தே மனத்தில் பதிக்க வேண்டும். இரண்டு கண்களையும் திறந்து வைத்து, புள்ளியைத் தேடாமல் இலக்கைப் பார்க்கும் பழக்கமும் அப்படித்தான் வரும். கைத்துப்பாக்கியில் தொடக்கத்தில் புள்ளி கண்ணில் சிக்காமல் ஓடும். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று இருமுறை சரிபார்த்துவிட்டு, வெறுமனே உயர்த்திக் குறிபார்க்கும் பயிற்சியைத் தினமும் சிறிது நேரம் செய்பவர்களுக்கு அது விரைவில் வசப்படுகிறது.

போட்டிக்காக வாங்குகிறவர் முதலில் புரட்ட வேண்டியது விதிப்புத்தகத்தை. 1990இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்த, ஐ.பி.எஸ்.சி. என்ற துப்பாக்கிச் சுடும் அமைப்பின் உலகப் போட்டியை அமெரிக்கர் டக் கோனிக் ரெட் டாட் கொண்டே வென்றார். அந்த அமைப்பின் ஓப்பன் பிரிவில் அது இன்றும் அனுமதிக்கப்படுகிறது. ஒலிம்பிக் வகைப் பிஸ்டல் போட்டிகளை நடத்தும் ஐ.எஸ்.எஸ்.எஃப். விதிகளிலோ திறந்த இரும்புக் குறிகளுக்கு மட்டுமே இடம். சென்னையிலோ கோவையிலோ 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பழகும் மாணவர், அந்தத் துப்பாக்கிக்காக ரெட் டாட்டில் ஒரு ரூபாயும் செலவழிக்கத் தேவையில்லை.