லூனாசில் நான் கேட்காத கேள்வி

அன்புள்ள பாடாங் செராய் தம்பிக்கு,

தொலைக்காட்சியில் அரசியல் செய்தியாளராக என்ன படிக்க வேண்டும், தோட்டத்துப் பேச்சு வாடையை எப்படிப் போக்குவது என்று எழுதியிருந்தீர்கள். இரண்டாவது கேள்வி என்னை வருத்தியது. அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்: போக்காதீர்கள்.

இத்தனை ஆண்டு வேலையில் நான் உருப்படியாகச் செய்ததெல்லாம் அந்தப் பேச்சால்தான் நடந்தது. ஒலிவாங்கியை நீட்டினால் பால்மரம் வெட்டும் அக்கா "எல்லாம் நல்லாயிருக்கு சார்" என்று நிறுத்திக்கொள்வார். அதை ஓரமாக வைத்துவிட்டு, "இந்த மழையில வெட்டு உண்டாக்கா?" என்று கேட்டால் பேச ஆரம்பிப்பார். அந்நாளில் மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. தோட்டத் தொழிலாளர்களின் மாதச் சம்பளக் கோரிக்கை எனக்குப் புரிந்தது அறிக்கைகளைப் படித்து அல்ல. இப்படி லயத்து வாசலில் உட்கார்ந்துதான்.

ஆனால் நானே தவறவிட்ட இடம் ஒன்று உண்டு. கெடாவின் லூனாஸ் இடைத்தேர்தல் உங்களுக்கு நினைவிருக்க வாய்ப்பில்லை. 2000 நவம்பர் 4இல் சட்டமன்ற உறுப்பினர் டாக்டர் ஜோ பெர்னாண்டஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். 29ஆம் தேதி வாக்களிப்பு. ம.இ.கா.வின் அந்தோணிசாமியை நீதிக் கட்சியின் சைபுடின் நசுத்தியோன் 530 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். கெடா சட்டமன்றத்தில் தேசிய முன்னணியின் மூன்றில் இரண்டு பெரும்பான்மை அன்றோடு போனது. பல மொழிப் பள்ளிகளை ஒரே வளாகத்தில் வைக்கும் வாவாசான் பள்ளி விவகாரம், சீனர் வாக்கு, செராமா எனும் பிரசாரக் கூட்டம் என்று நாங்கள் ஓடினோம். தோட்டத்து மக்களிடம் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: யாருக்குப் போடுவீர்கள்?

பக்கத்திலேயே கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இலேயே திறக்கப்பட்டிருந்தது. ரப்பர்க் காடுகள் தொழிற்சாலையாகவும் வீடமைப்பாகவும் மாறிக்கொண்டிருந்தன. "தோட்டத்தை வித்துட்டா எங்க போவீங்க?" என்று நான் ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டு நிமிடச் செய்திக்குள் அடங்கியிருக்காது என்பது உண்மை. ஆனாலும் கேட்டிருக்க வேண்டும். அது இன்றும் என்னை உறுத்துகிறது.

2022இல் உங்கள் ஊருக்கே கேமராக்கள் வந்தன. பொதுத்தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு, நவம்பர் 16இல், வேட்பாளர் எம். கருப்பையா காலமானார், அதனால் பாடாங் செராய் வாக்களிப்பு டிசம்பர் 7க்குத் தள்ளிப்போனது. நான் வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். கொடிகளையும் வேட்பாளர்களையும் நிறையக் காட்டினார்கள். 8ஆம் தேதிக்குப் பிறகு உங்கள் தெருவுக்கு யாராவது வந்தார்களா? எனக்கு எழுதுங்கள்.

எந்தக் கல்லூரி என்பதை நேரில் பேசலாம். அதற்கு முன் 1947இல் பீடோங் ஹார்வர்டு தோட்டத்தில் நடந்ததைப் படியுங்கள். ஏ. எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடையை எதிர்த்து நின்ற கதை. நம் நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்ததோ 1963இல். அந்தக் குரல்கள் எந்த ஒளிநாடாவிலும் இல்லை.

விடுமுறைக்குச் சுங்கைப்பட்டாணி வந்தால் சொல்லுங்கள், பீடோங் போய் வரலாம். கேமரா வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

அன்புடன்,
பழைய செய்தியாளன்