மூன்று ஊசிகளையும் முடித்துக்கொள்ளுங்கள்

தலவிலயிலிருந்து சொந்த ஊர் திரும்பும் உங்கள் குடும்பத்தில் கைக்குழந்தை இருந்தால், இதைக் கவனத்திற் கொள்ளுங்கள்.

இலங்கையில் பிள்ளைகளுக்கு 2, 4, 6 மாதங்களில் ஐந்து நோய்களுக்கு எதிரான பென்டாவேலன்ட் தடுப்பூசி ஏற்றப்படுகிறது. ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி அவற்றுள் ஒன்று. அதற்கான மருந்தில் உயிருள்ள வைரஸ் இல்லை. வைரஸின் மேலுறைப் புரதம் மாத்திரமே உண்டு. ஆகவே ஊசியால் அந்நோய் வராது.

உடலின் காவற்கலங்கள் அப்புரதத்தை விழுங்கி, சிறு துண்டுகளாக்கி, வேறு வெண்குருதிக் கலங்களுக்குக் காட்டுகின்றன. அத்துண்டுகளை இனங்கண்ட கலங்கள் பெருகி, வைரஸைத் தடுக்கும் பிறபொருளெதிரிகள் உருவாக உதவுகின்றன. சில கலங்கள் அந்த அடையாளத்தை நினைவில் வைத்திருக்கும். பின்னர் உண்மையான வைரஸ் புகுந்தால் உடல் விரைந்து எதிர்க்கும். முதல் ஊசி இந்த நினைவைத் தொடக்குகிறது. அடுத்த இரண்டும் உறுதியாக்குகின்றன.

பயணத்தால் ஓர் ஊசி தவறினால், மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை; விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எனவே பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேட்டை மூட்டைக்குள் கட்டாமல், நனையாத பையில் இட்டு, கையிலேயே கொண்டு செல்லுங்கள். ஊர் சேர்ந்ததும் அப்பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் காட்டிப் பதிந்துகொள்ளுங்கள். பதிவேடு தொலைந்திருந்தாலும் தயங்காமல் அவரிடம் சொல்லுங்கள்.